ஜாஸ் பியானோவில் நான்காம் இடைவெளி: கைக்கும் காதுக்கும் பழக்குவது எப்படி

கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்து) என்றதும் பியானோ வாசிப்பவரின் கை ஒன்று விட்டு ஒன்றாக மூன்று வெள்ளைக் கட்டைகளில் தானாகவே போய் உட்கார்ந்துவிடும். சி-இ-ஜி, டி-எஃப்-ஏ என்று மூன்றாம் இடைவெளிகளை அடுக்கியே பழகிய கை அது. அந்த அடுக்கு, தான் மகிழ்ச்சி தொனிக்கும் மேஜரா, சோகம் தொனிக்கும் மைனரா என்பதை ஒலித்த மறுகணமே சொல்லிவிடும். மாறாக, டி-ஜி-சி என்ற மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதில் மகிழ்ச்சியும் இல்லை, சோகமும் இல்லை; எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்ற அவசரமும் இல்லை. நான்காம் இடைவெளியின் சிறப்பு இந்தப் பிடிகொடுக்காத குணத்தில்தான் இருக்கிறது. அதைக் கையாள்வதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவையும் அதே குணத்திலிருந்துதான் வருகின்றன.

அளவில் இது 5 அரைச்சுரத் தூரம் (கறுப்பும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலுள்ள தூரமே அரைச்சுரம்). கர்நாடக இசை அறிந்தவர்கள் ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் வரையுள்ள தூரம் என்று எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைக் கட்டைகள் ஏழையும் பி-இ-ஏ-டி-ஜி-சி-எஃப் என்று வரிசைப்படுத்தினால், ஒவ்வொன்றும் முந்தியதற்குச் சரியாக நான்காம் இடைவெளியில் மேலே அமையும். எஃப்-பில் வந்ததும் சங்கிலி அறுந்துவிடுகிறது, ஏனெனில் எஃப்-பிலிருந்து பி வரை 6 அரைச்சுரம், அது ட்ரைடோன். இந்த ஏழெழுத்து வரிசையை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் பழகிவிடுங்கள். இனி வரும் எல்லாவற்றுக்கும் அதுவே வாய்ப்பாடு.

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த ‘சோ வாட்’ பாடலில் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் வாசிக்கும் இரண்டு கார்டுகளிலிருந்து தொடங்குவதே நல்லது. முதல் கார்டு கீழிருந்து மேலாக இ-ஏ-டி-ஜி-பி. அடுத்தது அதையே ஒரு படி இறக்கிய டி-ஜி-சி-எஃப்-ஏ. இரண்டிலும் மூன்று நான்காம் இடைவெளிகளும் அவற்றின் தலையில் ஒரு மேஜர் மூன்றாம் இடைவெளியும் இருக்கின்றன. உச்சியில் உள்ள அந்த ஒரு மூன்றாம் இடைவெளிதான் முழு அடுக்கையும் கனிய வைக்கிறது. அதை எடுத்துவிட்டு நான்காகவே தொடர்ந்து பாருங்கள், ஒலி உலோகம்போல் இறுகிவிடும். (வீட்டில் கிட்டார் இருந்தால் தடித்த கம்பியிலிருந்து ஐந்து கம்பிகளை விரல் வைக்காமல் மீட்டிப் பாருங்கள், அதே இ-ஏ-டி-ஜி-பி கேட்கும்.) 1960 முதல் 1965 வரை சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழுவில் இருந்த பியானோ கலைஞர் மெக்காய் டைனர் இந்த அடுக்குகளை ஒரு பாடலின் அலங்காரம் என்ற நிலையிலிருந்து தன் வாசிப்பின் முதுகெலும்பாகவே மாற்றினார். அவருடைய பதிவுகளைக் காது கொடுத்துக் கேட்காமல் பயிற்சியில் மட்டும் இறங்குவது அரைக் கிணறு தாண்டுவதாகும்.

முதலில் இடது கை. டி டோரியன் மோடை (ஸ்வர வரிசையை) எடுத்துக்கொள்ளுங்கள். டி-யிலிருந்து டி வரை வெள்ளைக் கட்டைகள் மட்டும், அதாவது கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். சுண்டுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் ஆகிய மூன்றால் டி-ஜி-சி பிடித்து, அந்த வடிவத்தைக் கலைக்காமல் ஒவ்வொரு படியாக மேலே நகர்த்துங்கள்: இ-ஏ-டி, எஃப்-பி-இ, ஜி-சி-எஃப், ஏ-டி-ஜி, பி-இ-ஏ, சி-எஃப்-பி. ஏழில் ஐந்து தூய நான்காம் இடைவெளிகளால் ஆனவை. எஃப்-பி-இ, சி-எஃப்-பி ஆகிய இரண்டில் மட்டும் ட்ரைடோன் ஒளிந்திருக்கிறது, அவை சற்றே கரகரப்பதைக் கேட்பீர்கள். ஏழும் ஒரே டி மைனருக்குப் பொருந்துவதால் எதை எப்போது வாசித்தாலும் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிக்கொண்டே இருந்தால் மாடிப்படி ஏறி இறங்குவது போலிருக்கும். இரண்டைத் தேர்ந்தெடுத்து, தாளத்தின் எதிர்பாராத இடங்களில் குட்டையாக வைத்துப் பழகுவதே மேல். கீழ் எல்லையையும் கவனியுங்கள்: நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைத் தாண்டி இந்த அடுக்குகளை இறக்கினால் குழம்பிவிடும்.

இந்த அடுக்குகள் ஒரே மோடில் நெடுநேரம் நிற்கும் மோடல் பாடல்களுக்கு மட்டுமே என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. டி மைனர் ஏழு, ஜி ஏழு, சி மேஜர் என்ற நகர்வை எடுத்துக்கொள்ளுங்கள். டி மைனருக்கு ஜி-சி-எஃப், ஜி ஏழுக்கு எஃப்-பி-இ, சி மேஜருக்கு இ-ஏ-டி என்று இடது கையில் வைத்தால், மூன்று விரல்களும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படி கீழே இறங்குகின்றன. கை வடிவம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நடுக் கார்டில் மட்டும் எஃப்-புக்கும் பி-க்கும் இடையில் ட்ரைடோன் வருகிறது, ஜி ஏழைத் தீர்வை நோக்கித் தள்ளுவது அதுதான். மூன்றிலும் கார்டின் மூல ஸ்வரம் இல்லாததால் டி, ஜி, சி ஆகியவற்றை பேஸ் (கீழ் ஸ்தாயிக் கம்பி வாத்தியம்) வாசிப்பவர் தர வேண்டும், அல்லது தனியாகப் பழகும்போது நீங்களே கீழே ஒருமுறை தட்டிவிட்டு மேலே தாவ வேண்டும். இந்த ஒரே நகர்வை 12 சுருதிகளிலும் வாசிக்க ஒரு மாதம் ஒதுக்கினாலும் அது வீண்போகாது.

வலது கைக்கு வரும்போது பெரும்பாலோர் புதிதாக எதையோ கற்க வேண்டுமென்று தயங்குகிறார்கள். தெரிந்த பென்டடானிக் (ஐந்து ஸ்வர) ஸ்கேலிலேயே இது இருக்கிறது. டி மைனர் பென்டடானிக் என்பது டி-எஃப்-ஜி-ஏ-சி. அதே ஐந்தை ஏ-டி-ஜி-சி-எஃப் என்று மாற்றி அடுக்கினால் இடையில் நான்காம் இடைவெளிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்றாக வாசித்தால் டி-ஜி, எஃப்-ஏ, ஜி-சி, ஏ-டி, சி-எஃப் என்று வரும். எஃப்-ஏ நீங்கலாக மற்ற நான்கும் நான்காம் இடைவெளிகளே. டி டோரியனுக்குள் இ மைனர், ஏ மைனர் பென்டடானிக்குகளும் முழுமையாக அடங்குவதால், ஒரே கார்டின் மேல் மூன்று நிறங்கள் கிடைக்கின்றன.

இனி, நான் நாள் தவறாமல் வாசிக்கும் ஒரு பயிற்சி. டி-ஜி-சி என்று மேலே ஏறி, ஒரு படி உயர்ந்து டி-யைத் தொட்டு, அங்கிருந்து டி-ஏ-இ என்று இறங்குங்கள். மறுபடி ஒரு படி உயர்ந்து எஃப்-பி-இ ஏறி, எஃப்-சி-ஜி இறங்குங்கள். பிறகு ஏ-டி-ஜி, ஏ-இ-பி. கடைசியாக சி-எஃப்-பி, சி-ஜி-டி. தொடங்கிய டி-க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள டி-யில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொரு ஆறு ஸ்வரத்துக்கும் விரல்கள் 1-2-4-5-2-1 என்றே வருவதால், கட்டைவிரலை ஒவ்வொரு படியாக நகர்த்துவது மட்டுமே கைக்குள்ள வேலை. இதன் உயிர் அந்த இணைப்புகளில் இருக்கிறது: தாவல்கள் எல்லாம் நான்காம் இடைவெளிகள், ஆனால் ஒரு மூன்று ஸ்வரக் கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் எப்போதும் ஒரே ஒரு படிதான். மொத்தம் 24 ஸ்வரங்கள். நாலுக்கு நாலு தாளத்தில் அடிக்கு இரண்டாக வாசித்தால் 3 பாரில் (நான்கு அடி கொண்ட ஒரு சுற்றே ஒரு பார்) முடியும். மூன்று மூன்றாகச் சேர்ந்த ஸ்வரங்களின் அழுத்தம் அடிக்கு அடி இடம் மாறிக்கொண்டே போகும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) 2, 4 ஆம் அடிகளில் மட்டும் ஒலிக்கவிட்டு வாசித்தால் இந்த இடமாற்றம் துலக்கமாகத் தெரியும். தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள், வடிவத்தை மாற்றாதீர்கள்.

இந்தப் பயிற்சி கைக்கு வந்த சில மாதங்களுக்கு நானும் வேறெதையும் வாசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஒத்திகையில் பேஸ் வாசித்த நண்பர் நடுவில் நிறுத்திவிட்டு, “பாட்டுல இப்ப எங்க இருக்கோம்னே தெரியலப்பா” என்றார். மேஜரும் மைனரும் சொல்லாத அடுக்குகளையே இரண்டு கைகளிலும் இடைவிடாமல் வாசித்தால், கேட்பவருக்கு ஊன்றிக்கொள்ள இடமே இல்லாமல் போகிறது. அதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு 8 பார் பகுதியின் தொடக்கத்திலும் இடது கையால் அடியில் டி-ஏ என்ற ஐந்தாம் இடைவெளியைக் கனமாக ஊன்றிவிட்டு மேலே செல்வது. டைனரின் வாசிப்பில் இதை அடிக்கடி கேட்கலாம். மற்றொன்று, வலது கையில் நான்காம் இடைவெளிகளால் ஆன ஒரு சொற்றொடருக்குப் பதிலாக, படிப்படியாக நகரும் ஒரு எளிய சொற்றொடரை வைப்பது. எஃப் என்ற ஸ்வரத்தில் ஒருமுறை நின்றால் போதும், டி மைனர் மீண்டும் துலங்கிவிடும்.

ஊன்ற இடம் உறுதியான பிறகுதான் மோடை விட்டு வெளியே போகும் துணிச்சலுக்குப் பொருள் உண்டு. டி மைனர் பென்டடானிக் ஐந்தும் வெள்ளைக் கட்டைகள். அதை அரைச்சுரம் உயர்த்தினால் கிடைக்கும் இ ஃபிளாட் மைனர் பென்டடானிக் ஐந்தும் கறுப்புக் கட்டைகள். எனவே இடது கை டி-யிலேயே இருக்க, வலது கை வெள்ளையில் டி-ஜி-சி வாசித்து, அதே தாள வடிவத்தைக் கறுப்பில் இ ஃபிளாட்-ஏ ஃபிளாட்-டி ஃபிளாட் என்று திரும்பச் சொல்லலாம். தொடக்கத்தில் வெளியே ஒரு பாருக்கு மேல் தங்காதீர்கள். திரும்பும்போது டி ஃபிளாட்டிலிருந்து சி-க்கோ, இ ஃபிளாட்டிலிருந்து டி-க்கோ அரைச்சுரம் இறங்கி, அந்த இறக்கம் பாரின் முதல் அடியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போனது வேண்டுமென்றே போனதா, கை தவறியதா என்பதைக் கேட்பவர் அந்த அடியில்தான் தீர்மானிக்கிறார்.

கார்டுகள் அடிக்கடி மாறும் பாடல்களில் இவ்வளவு சுதந்திரம் இல்லை. ஜி ஏழு போன்ற டாமினன்ட் ஏழு கார்டுக்கு அதன் ட்ரைடோன் வேண்டும், தூய நான்காம் அடுக்கு அதைத் தராது. எஃப் சுருதியில் அமைந்த 12 பார் ப்ளூஸில் எஃப் ஏழுக்கு இ ஃபிளாட்-ஏ-டி, பி ஃபிளாட் ஏழுக்கு ஏ ஃபிளாட்-டி-ஜி, சி ஏழுக்கு பி ஃபிளாட்-இ-ஏ என்று வைத்துப் பாருங்கள்: அடியில் ட்ரைடோன், மேலே ஒரு நான்காம் இடைவெளி, மூன்றுக்கும் ஒரே கை வடிவம். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு 12 பாரையும் வாசித்துவிடலாம்.