நைட்டி, பைஜாமா, சாரம்: பெயர்க்காரணம் சொல்லும்போது வழுக்கும் இடங்கள்

பைஜாமாவிலிருந்தே தொடங்கலாம். அதிகம் பேர் வழுக்குவது அங்கேதான். 'ஜாமா' என்று காதில் விழுந்ததும் நமக்கு ஜாமம் நினைவுக்கு வந்துவிடும். நடுஜாமத்தில் போட்டிருப்பது, பை மாதிரி தொளதொளவென்று தொங்குவது, ஆகவே பைஜாமா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் பையும் இல்லை, ராத்திரியும் இல்லை. பாரசீகத்தில் 'பாய்' என்றால் கால், 'ஜாமா' என்றால் உடை. நம் 'கால்சட்டை'யைப் பாரசீகத்தில் சொன்னால் பைஜாமா, அவ்வளவுதான்.

இந்தப் 'பாய்' நம் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. இடியாப்பத்தோடு சாப்பிடுகிறோமே ஆட்டுக்கால் பாயா, அந்தப் பாயாவும் கால்தான். அப்படிப் பார்த்தால் நாம் சொல்வது 'ஆட்டுக்கால் கால்'. 'நடு சென்டர்' என்பதைப் போல. ஹாலில் கிடக்கும் டீப்பாயிலும் இதே கால் இருக்கிறது. டீ வைக்கிற மேஜை என்பதால் டீப்பாய் என்று பெயர் வரவில்லை. இந்தியில் 'திபாய்' என்றால் மூன்று கால் உள்ளது, அதாவது முக்காலி. ஆங்கிலேயர்கள் அதைத் தங்கள் எழுத்துக்கூட்டலில் எழுதியபோது தேநீர் உள்ளே புகுந்துகொண்டது. இப்போது அதற்கு நான்கு கால், பெயரில் மட்டும் இன்னும் மூன்று.

பைஜாமாவில் செய்யும் இரண்டாவது தவறு, அது தூங்குவதற்கென்றே பிறந்த உடை என்று நினைப்பது. வட இந்தியாவில் அது பகலில், நாலு பேர் முன்னால் போடுகிற உடை. அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனவர்கள் இங்கே வேலைக்கு வந்த ஐரோப்பியர்கள். 1886இல் வெளியான 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: முஸ்லிம்களிடமிருந்து ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டு, வீட்டில் சாவகாசமாக இருக்கவும் இரவில் படுக்கவும் உடுத்தினார்கள் என்று. அதே பதிவில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் காலத்தில் லண்டனில் தைத்துக் கொடுத்த சில பைஜாமாக்களில் பாதத்தையும் மூடி, காலுறை மாதிரி தைத்துவிடுவார்களாம். எதற்கு இப்படி என்று ஒருவர் தையல்காரரைக் கேட்க, அவர் சொன்ன பதில்: "கறையானுக்காக இருக்கும் என்று நினைக்கிறேன், ஐயா!" இந்தியா என்றால் கறையான், அவருக்கு அது போதும்.

அதனால் பழைய லக்னோவைப் பற்றிய ஏதாவது ஒன்றை மொழிபெயர்க்கும்போது, பைஜாமாவோடு வந்தவரைத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவராக்கிவிடாதீர்கள். அவர் நன்றாக உடுத்திக்கொண்டுதான் வந்திருப்பார். நம் ஊரிலும் ஜிப்பா பைஜாமா என்றால் கல்யாண வரவேற்பு உடைதானே.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லைச் செல்லமாகச் சுருக்கிய விதங்களில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஜாமீஸ்' குழந்தைகளிடம் கொஞ்சிப் பேசுகிற சொல், பெரியவர்கள் தங்களுக்குள் சொன்னால் அது விளையாட்டுக்கு. 'ஜிம்ஜாம்ஸ்' பிரிட்டனில் இப்போது பைஜாமாதான், ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது குடிகாரர்களுக்கு வரும் கைகால் நடுக்கத்தைக் குறித்தது. பழைய எழுத்தில் ஒருவருக்கு ஜிம்ஜாம்ஸ் வந்துவிட்டது என்று இருந்தால் உடையைத் தேடக் கூடாது. அப்புறம் 'பிஜே'. அமெரிக்காவில் அது பைஜாமா. நம் கல்லூரி விடுதிகளில் அது மொக்கை ஜோக். அமெரிக்காவில் இருக்கும் சித்தி "பிஜே போட்டுக்கோ" என்றால் கடி ஜோக் சொல்லத் தொடங்கவேண்டாம்.

நைட்டிக்கு வருவோம். இதில் 'நைட்' இருப்பது உண்மை, ஆனால் கடைசியில் ஒட்டியிருக்கும் 'இ' வெறும் ஓசை அல்ல. ஆண்ட்டி என்பதில் இருக்கும் அதே கொஞ்சல் விகுதிதான். ஆங்கிலத்தில் முறையான பெயர் நைட்டிரஸ், நைட்கவுன். நைட்டி என்பது வீட்டுக்குள் புழங்குகிற செல்லப் பெயர். நமக்கோ அதுதான் ஒரே பெயர், கடைப் பலகையில் எழுதியிருப்பதும் அதுதான். "நைட்டியோடு கடைக்குப் போய்விட்டு வந்தேன்" என்று இங்கே சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இதையே ஆங்கிலத்தில் வெளிநாட்டுத் தோழியிடம் சொல்லிப் பாருங்கள், அவள் மனக்கண்ணில் வரும் படம் வேறு. பெயரை வைத்துப் பொழுதை முடிவு செய்வதும் தவறுதான். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காய்கறி வண்டியில் கத்தரிக்காய் பொறுக்குகிற அக்காவுக்கு மணி காலை பதினொன்று. ஆந்திராவின் தோகலப்பள்ளியில் 2018இல் ஊர்ப் பெரியவர்கள் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். சொல்லின் பொருளைக் காப்பாற்ற இவ்வளவு கறாராக யாரும் கிளம்பியதில்லை!

கடைசியாக என் சொந்தச் சறுக்கல். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் லுங்கிக்குச் சாரம் என்று பெயர். சென்னைக்கு வந்த புதிதில் ஒரு துணிக்கடையில் "அண்ணே, ரெண்டு சாரம் எடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாரம் வாடகைக்குத்தான் கிடைக்கும் தம்பி, பெயிண்ட் கடையில கேளு" என்றார். கட்டடத்துக்குக் கட்டும் சாரம்! பழச்சாரத்தோடும் கட்டடச் சாரத்தோடும் இதை முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. இது மலாய்மொழியின் 'சாரோங்'. பொருள் உறை. கத்தியின் உறையும் அங்கே சாரோங், தலையணை உறையும் சாரோங். இரண்டு ஓரத்தையும் மூட்டிக் குழாய் போல ஆக்கிய துணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

இதைவிட எனக்குப் பிடித்தது இதன் மறுபாதி. மலேசியாவில் ஆண்கள் வீட்டில் கட்டிக்கொண்டு படுக்கும் கட்டம் போட்ட சாரத்துக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். காயின் என்றால் துணி. பெலிகாட் நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி உட்கார்ந்து, சோழமண்டலத் துணியைக் கிழக்கே கப்பலேற்றிய அதே ஊர். நாம் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கட்டுகிறோம், அவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கட்டுகிறார்கள்.

அன்று கடைசியில் "கைலி" என்று கேட்டதும் எடுத்துப் போட்டார். மூட்டுவதற்குக் காசு தனி என்றார்.