கான்ஜுகேஷனில் காலனி வரவில்லையா? பிளாஸ்மிட்டைத் திட்டும் முன் இதைப் பாருங்கள்

மின்துடிப்பு கொடுத்து டிஎன்ஏவை உள்ளே தள்ளும் எலெக்ட்ரோபொரேஷன் கைகொடுக்காத பாக்டீரியா என்றால் எல்லோரும் கடைசியில் கான்ஜுகேஷனுக்குத்தான் வருகிறோம், அதாவது ஒரு பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டை (தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இன்னொன்றுக்கு நேரடியாகத் தொட்டுக் கொடுக்கும் முறைக்கு. இரண்டு செல்களையும் கலந்து வைத்தால் மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு வேறு. காலனி வராவிட்டால் பழி பிளாஸ்மிட் மேல். அதில் கடத்தல் தொடங்கும் இடமான ஓரி-டி பகுதி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது இல்லாமல் பிளாஸ்மிட் நகராது. இருக்கிறதென்றால், கோளாறு பெரும்பாலும் கலக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

பிளாஸ்மிட்டைக் கொடுக்கும் கொடை செல்லை ஆன்டிபயாடிக் போட்ட எல்பி வளர்ப்புத் திரவத்தில் வளர்த்திருப்பீர்கள். அதை அப்படியே ஊற்றினால், பெறும் செல் பிளாஸ்மிட் கைக்கு வரும் முன்பே செத்துப்போகும். மருந்தில்லாத எல்பியில் இரண்டு முறை கழுவுங்கள். ஆனால் கழுவும்போது வோர்டெக்ஸ் (டியூபை வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள், செல்களை இணைக்கும் மெல்லிய இழையான பைலஸ் முறிந்துவிடும். டியூபை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கரைத்தாலே போதும்.

அப்புறம், எங்கே கலக்கிறீர்கள்? எஃப் பிளாஸ்மிட்டின் பைலஸ் நீளமானது, வளைந்துகொடுக்கும், அதனால் திரவத்திலேயே வேலை நடக்கும். எஸ்17-1 என்ற ஈ.கோலை கொடை திரிபில் இருப்பது ஆர்பி4 என்ற பிளாஸ்மிட்டின் கடத்தும் மரபணுக்கள், அதன் பைலஸ் விறைப்பானது, திரவத்தில் பிடி நிற்காது. அகார் மேல் சொட்டாக வைத்து, காயும்வரை பிளேட்டை அசைக்காமல் விடுங்கள். டைஅமினோபிமெலிக் அமிலம் (செல்சுவர் கட்டத் தேவையான பொருள்) இல்லாமல் வாழாத கொடை திரிபு என்றால், இந்தக் கலவைப் பிளேட்டில் அதைச் சேர்க்க வேண்டும், பிளாஸ்மிட் கிடைத்த பெறும் செல்லை மட்டும் வளரவிடும் தேர்வுப் பிளேட்டில் சேர்க்கவே கூடாது. இதை மாற்றிச் செய்து வாரக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கன்ட்ரோல் பிளேட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கொடை செல் தனியாக, பெறும் செல் தனியாக, இரண்டையும் அதே தேர்வுப் பிளேட்டில் பரப்புங்கள். கோடிக்கணக்கில் செல் பரப்பும்போது தானாகவே எதிர்ப்பு பெற்ற சில எப்படியும் முளைக்கும். பெறும் செல் தனியாக இருக்கும் பிளேட்டில் 20 காலனி, கலவையில் 25 என்றால் உங்களிடம் இன்னும் எதுவும் இல்லை.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா வேலையில் இன்னொரு சிக்கல்: அவற்றில் பல இனங்கள் மீத்தைல் என்ற வேதிக் குறி ஒட்டிய டிஎன்ஏவை வெட்டிப்போடும், அதனால் மீத்தைல் ஒட்டாத ஈடி12567 போன்ற ஈ.கோலை திரிபிலிருந்து அனுப்புங்கள்.

காலனி வந்துவிட்டதா? சரி, பிளாஸ்மிட் இருக்கிறதா என்று பார்க்க உடனே பிசிஆருக்கு ஓடாதீர்கள். செத்த கொடை செல்லின் டிஎன்ஏ அந்தப் பிளேட்டிலேயே கிடக்கும், பிசிஆரில் தெரியும் டிஎன்ஏ பட்டை (பேண்ட்) அதிலிருந்தும் வரும். புதுத் தேர்வுப் பிளேட்டில் இரண்டு தடவை கோடிழுத்துத் தனிக் காலனியாகப் பிரித்த பிறகு போடுங்கள்.