மாதவிடாய் வலிக்கு மாத்திரைக்கு முன் என்னென்ன செய்து பார்க்கலாம்

பீரியட்ஸ் வலி வந்தால் நம்மில் பலர் உடனே தேடுவது மெஃப்டால் ஸ்பாஸ். அதிலிருக்கும் மெஃபனமிக் அமிலம் அபூர்வமாகச் சிலருக்கு டிரெஸ் என்கிற கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. அல்சர், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்த வகை மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முதலில் சூடு, இதைத்தான் அழுத்திச் சொல்வேன். அந்த நாட்களில் கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வலி வருகிறது. மாத்திரை அந்தப் பொருள் உருவாவதையே தடுக்கிறது, சூடு தசையைத் தளர்த்துகிறது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அடிவயிற்றில் சுமார் 39 டிகிரி சூட்டுப் பட்டை கட்டியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை அளவுக்கே வலி குறைந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்த பலன், மாத்திரை மட்டும் என்றால் ஏறக்குறைய 2.8 மணி நேரம் ஆனது. அதனால் மாத்திரை போட்டாலும் ஒத்தடத்தை விடாதீர்கள்.

ஹாட் வாட்டர் பேக்கில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல், கை பொறுக்கும் சூட்டில் முக்கால் பங்குக்குள் நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். துணி சுற்றித்தான் வைக்க வேண்டும், வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது. பேக் இல்லையா, கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுங்கள். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல், லேசாக ஆரம்பிக்கும்போதே தொடங்குவது நல்லது.

அடுத்து சுக்கு. முதல் மூன்று நாள் தினமும் ஒன்று, ஒன்றரை கிராம் எடுத்தால் பலருக்கு வலி குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அரை டீஸ்பூன் சுக்குப் பொடி கிட்டத்தட்ட ஒரு கிராம் இருக்கும், சுக்கு மல்லி காபியாகவே குடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடை, யோகா எல்லாம் அன்றைக்கே வலியைப் போக்காது. வாரம் மூன்று முறை முக்கால் மணி நேரமாவது தொடர்ந்து செய்தால் அடுத்தடுத்த மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், 'பொண்ணுன்னா பொறுத்துக்கணும்' என்ற பேச்சை நம்பி வலியோடு படுத்துக் கிடக்காதீர்கள். ஒத்தடத்துக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி, மாதத்துக்கு மாதம் கூடுகிற வலி, மலம் கழிக்கும்போதோ உடலுறவின்போதோ வலி, மணிக்கொரு பேட் மாற்றுகிற அளவு ரத்தப்போக்கு, இதில் எது இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வலி எந்த நாளில் தொடங்கி எத்தனை நாள் நீடித்தது என்று குறித்து எடுத்துப் போங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தாலும், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது, அது ஸ்கேனில் தெரியாமலும் போகலாம், அதனால் வலி தொடர்ந்தால் திரும்பவும் போய்க் கேளுங்கள்.