வெப்பநிலையைக் கம்பியின்றி அனுப்புதல்: இரண்டு ஆர்டுயினோ பலகைகள், ஒரு சென்சார்

ஓரிடத்தின் வெப்பநிலையை அளந்து, வீட்டின் மறுகோடியில் உள்ள பலகைக்கு அனுப்பி, அங்கே ஹீட்டரையோ விசிறியையோ இயக்குவதற்கு இரண்டு ஆர்டுயினோ யூனோ பலகைகளும் (நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகைகள்), இரண்டு என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல்களும், ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சாரும் போதுமானவை. எண்ணை அனுப்புவது எளிது. வந்த எண் எவ்வளவு பழையது, அதை நம்பி ஒரு கருவியை இயக்கலாமா என்பதைப் பெறும் பலகை தானாகவே அறியும்படி அமைப்பதற்குத்தான் கவனம் தேவைப்படுகிறது.

ரேடியோ மாட்யூலுக்குரிய மின்னழுத்தம் 1.9 முதல் 3.6 வோல்ட் வரை என்பதால், அதன் மின் முனையைப் பலகையின் 3.3 வோல்ட் முனையில் மட்டுமே இணைக்க வேண்டும். 5 வோல்ட்டில் இணைத்தால் சிப் பழுதாகிவிடும். தரவு முனைகள் 5 வோல்ட் சமிக்ஞையைத் தாங்கும் ஆகையால் அவற்றை யூனோவுடன் நேரடியாகவே இணைக்கலாம்: எஸ்சிகே 13-க்கும், மிசோ 12-க்கும், மோசி 11-க்கும், சிஎஸ்என் 10-க்கும், சிஇ 9-க்கும் செல்லும். மாட்யூலின் மின் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே, மாட்யூலை ஒட்டியே, 10 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு மின்தேக்கியைப் பற்றவைத்துவிடுங்கள். ரேடியோ விழிக்கும் கணத்தில் எழும் திடீர் மின்னோட்டத் தேவையை அது ஈடுசெய்கிறது. அது இல்லாத சுற்றில் சில செய்திகள் போகும், சில போகா. பிழை நிரலில்தான் இருக்கிறது என்று எண்ணிப் பலர் நாள்கணக்கில் தேடுகிறார்கள். பெருக்கியும் நீண்ட ஆன்டெனாவும் கொண்ட மாட்யூல் 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கக்கூடும். அதற்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வேண்டும்.

சென்சாரின் தரவுக் கம்பியை 2-ஆம் முனையில் இணைத்து, அதற்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோஓம் மின்தடையைப் பொருத்த வேண்டும். 12 பிட் துல்லியத்தில் ஓர் அளவீட்டை முடிக்க இச்சென்சாருக்கு 750 மில்லிவினாடி வரை ஆகும். மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவகத்தில் 85 டிகிரி என்ற தொடக்க மதிப்பு இருப்பதால், அளவீடு முடியும் முன்பே படித்தால் அந்த 85-தான் கிடைக்கும். கம்பி அறுந்துவிட்டால், இச்சென்சாரைப் படிக்கப் பரவலாகப் பயன்படும் டாலஸ் டெம்பரேச்சர் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) −127 என்ற எண்ணைத் தருகிறது. இவ்விரண்டும் ஓர் அறையின் வெப்பநிலையாக இருக்க முடியாது. இவற்றை அனுப்பும் இடத்திலேயே பிடித்து, “அளவீடு இல்லை” என்பதைக் குறிக்கும் ஒரு தனி எண்ணாக, எடுத்துக்காட்டாக −32768 ஆக, மாற்றி அனுப்புவதே சரி.

அனுப்பும் செய்தியை 6 பைட்டுகளில் அடக்கிவிடலாம்: கருவியின் எண்ணுக்கு 1, வரிசை எண்ணுக்கு 1, வெப்பநிலைக்கு 2, பேட்டரி மின்னழுத்தத்துக்கு 2. வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணாக அனுப்புங்கள், 23.56 டிகிரி 2356 ஆகிவிடும். நிரலில் அதை இன்ட் (முழு எண் வகை) என்று மட்டும் அறிவித்தால் அது யூனோவில் 2 பைட்டாகவும் ஈஎஸ்பி32 என்ற வேறு வகைப் பலகையில் 4 பைட்டாகவும் இருக்கும் என்பதால், பின்னாளில் பெறும் பலகையை மட்டும் மாற்றினாலும் குழப்பம் நேராதிருக்க, 16 பிட் என்று அளவைக் குறிப்பிட்டே அறிவிக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையைக் காத்தால், 32 பிட் சிப்கள் இடையில் வெற்று பைட்டுகளைச் செருகுவதும் தவிர்க்கப்படும்.

ரேடியோவை வினாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் அமையுங்கள். அறை வெப்பநிலைக்கு வேகம் தேவையில்லை. குறைந்த வேகம் கூடுதல் தூரத்தைத் தருகிறது. இந்த ரேடியோவை இயக்கும் ஆர்எஃப்24 லைப்ரரியின் இயல்பான சேனல் 76. அது 2476 மெகாஹெர்ட்ஸ் ஆகும். வைஃபையின் 11-ஆம் சேனல் ஏறத்தாழ 2473 மெகாஹெர்ட்ஸில் முடிவதால், உங்கள் ரவுட்டர் 12, 13-ஆம் சேனல்களில் இயங்காத வரை அதையே வைத்துக்கொள்ளலாம். வேகம், சேனல், 5 பைட் முகவரி ஆகிய மூன்றும் இரு பலகைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செய்தி சேர்ந்ததற்கான ஒப்புகையைச் சிப் தானே பெற்று, கிடைக்காவிட்டால் 15 முறை வரை மீண்டும் அனுப்பும். ஆனால் அந்த ஒப்புகை எதிர்ப்பக்க ரேடியோ சிப் தருவது; அங்குள்ள நிரல் உறைந்து நின்றிருந்தாலும் அது வரக்கூடும். மேலும், இந்த ரேடியோவில் மறையாக்கம் கிடையாது, ஆகவே கதவுப் பூட்டு போன்றவற்றை இதன் வழியே இயக்க வேண்டாம்.

பெறும் பலகையில், ஒவ்வொரு செய்தி வரும்போதும் மில்லிஸ் மதிப்பை, அதாவது பலகை இயங்கத் தொடங்கியதிலிருந்து கடந்த மில்லிவினாடிகளின் எண்ணிக்கையை, குறித்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு செய்தி வருகிறதென்றால், 5 நிமிடம் எதுவும் வராதபோது, கடைசி எண்ணை மறந்துவிட்டு ஹீட்டரை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல், அனுப்பும் பலகையின் பேட்டரி குளிர்ந்த விடியலில் தீர்ந்துபோனால், அந்தக் குளிர் எண்ணையே நம்பி ஹீட்டர் நாள் முழுவதும் எரிந்துகொண்டிருக்கும். காலத்தைக் கணக்கிடும்போது, இப்போதைய மதிப்பிலிருந்து பழைய மதிப்பைக் கழித்துப் பார்க்கும் முறையையே பயன்படுத்துங்கள், சுமார் 49.7 நாள்களில் மில்லிஸ் சுழியத்துக்குத் திரும்பும்போதும் அந்தக் கழித்தல் சரியான விடையே தரும். செய்திகள் வந்தும் வரிசை எண் மாறாமலே இருந்தால், அனுப்பும் நிரல் பழைய அளவீட்டையே திரும்ப அனுப்புகிறது என்று கொண்டு, அதையும் செய்தி வராததாகவே கருத வேண்டும்.

ஹீட்டரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்சான ரிலேயை இணைக்கும் முன், அதன் இடத்தில் ஓர் எல்இடியை வைத்துச் சோதியுங்கள். சென்சாரின் கம்பியைப் பிடுங்குங்கள். பின்னர் அனுப்பும் பலகையின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பின்னர் பெறும் பலகையை மட்டும் ரீசெட் செய்யுங்கள். முதல் சோதனையில் அடுத்த செய்தி வந்தவுடனும், இரண்டாவதில் 5 நிமிடத்துக்குள்ளும் எல்இடி அணைய வேண்டும். மூன்றாவதில் சரியான முதல் செய்தி வரும்வரை அது எரியவே கூடாது. இம்மூன்றும் சரியாக நடந்த பிறகே ஹீட்டரின் ரிலேயை இணைக்க வேண்டும்.