கையை உதறுகிறவரை, ஆடிக்கொண்டே இருக்கிறவரைப் பார்த்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

பேருந்திலோ மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்திலோ ஒரு பிள்ளை இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி வேகமாக உதறிக்கொண்டே குதிக்கிறது, அல்லது வளர்ந்த ஆள் ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடியபடி ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருக்கிறார். சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? வெறித்துப் பார்க்கிறார்கள், "ஏன் இப்படிப் பண்றான்?" என்று காதில் விழும்படி கேட்கிறார்கள், சிலர் தங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் உட்காருகிறார்கள். கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்கிறவர்கள் குறைவு, என்ன செய்வதென்று தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பார்வைகளை அன்றாடம் வாங்கிக்கொண்டிருக்கும் வீட்டாருக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், அங்கே நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் சிறுவயதிலிருந்தே இருக்கும் ஒரு வேறுபாடு. அந்த நிலையில் இருப்பவர்கள் தங்கள் உடம்பையும் மனதையும் சமன்படுத்திக்கொள்ளத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும் ஓசைகளையும் ஸ்டிம்மிங் என்கிறார்கள். கை உதறுவது, ஆடுவது, சுற்றுவது, நுனிக்காலில் நடப்பது, கண்ணோரமாக விரலை ஆட்டிப் பார்ப்பது, ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது, ஒரு துணியைத் தேய்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் வரும். வெளிச்சமும் சத்தமும் ஒரேயடியாக வந்து மோதும்போது தன்னை நிலைநிறுத்திக்கொள்ளச் செய்வார்கள், பதற்றத்தில் செய்வார்கள், ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்வார்கள், சந்தோஷம் தாங்காமலும் செய்வார்கள். இந்தக் கடைசியைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். கை உதறும் பிள்ளையைப் பார்த்ததுமே "பாவம்" என்று வாயில் வந்துவிடுகிறது, ஆனால் அந்த நிமிடத்தில் அந்த இடத்திலேயே அதிக சந்தோஷமாக இருப்பது அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.

2013ல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்ற நோயறிதல் கையேட்டில், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, பேச்சு, பொருட்களைக் கையாளும் விதம் எல்லாம் ஆட்டிசத்தைக் கண்டறிய உதவும் அடையாளங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை வழக்கத்தைவிட அதிகமாகவோ குறைவாகவோ உணர்வதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உலகம் இவ்வளவு சத்தமாக வந்து விழுகிற ஒருவர் ஏன் ஆடாமல் அசையாமல் உட்கார முடியவில்லை என்பது புரிந்துவிடும். நாம் மட்டும் என்ன, சும்மாவா இருக்கிறோம்? கூட்டத்தில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறோம், பேனாவை டிக் டிக்கென்று அமுக்குகிறோம், நகத்தைக் கடிக்கிறோம். அவர்களுக்குத் தேவை இன்னும் அதிகம், வெளியே தெரிவதும் அதிகம், அவ்வளவுதான்.

சரி, பொது இடத்தில் பார்த்தால் என்ன செய்வது? பக்கத்துச் சீட்டுக்காரர் கால் ஆட்டினால் எவ்வளவு நேரம் பார்ப்பீர்களோ அவ்வளவு நேரம் பாருங்கள், அப்புறம் உங்கள் வேலையைப் பாருங்கள். கண் தானாகத் திரும்பத்தான் செய்யும், அதில் தப்பில்லை, அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பிரச்சினை. அதே நேரம், பார்க்கவே கூடாது என்று வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் வேண்டாம், அதுவும் எதிரில் இருப்பவர்களுக்கு அப்பட்டமாகத் தெரியும். கூட இருக்கும் அம்மாவோ அப்பாவோ உங்களைப் பார்த்துவிட்டால் தெரிந்தவரைப் பார்த்தது போல் ஒரு சின்னச் சிரிப்பு போதும். அறிவுரை வேண்டாம், தெரிந்த மருத்துவர் பெயர் வேண்டாம், "எங்க தெரிஞ்சவங்க பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு" என்ற கதையும் வேண்டாம். அவர்கள் அதையெல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள்.

செல்போனில் வீடியோ எடுக்கவே எடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு என்றாலும், விழிப்புணர்வுக்கு என்றாலும் கூடாது. தன் உடம்பைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஒருவரை அவர் அனுமதி இல்லாமல் படம் பிடித்துப் பரப்புவதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

உங்கள் பிள்ளை "அந்த அண்ணன் ஏன்பா கையை ஆட்டுறாங்க?" என்று சத்தமாகக் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். பொத்தினால் அது பார்க்கக் கூடாத, பேசக் கூடாத அசிங்கம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். சாதாரணக் குரலில், "அப்படி ஆட்டினா அவங்களுக்கு நல்லா இருக்கும்டா, உனக்கு ஊஞ்சல் பிடிக்குமில்ல, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். குழந்தைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. கூட ஓடி விளையாடத் தோன்றினால் அனுப்பியும் வையுங்கள்.

பேசிப் பழகும் இடத்தில், அதாவது வகுப்பிலோ நேர்காணலிலோ அலுவலகக் கூட்டத்திலோ, இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்காவில், டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்டிச நிலையில் உள்ளவர்கள் பேசும் சில நொடிக் காட்சியைப் பார்த்தவர்கள், மற்றவர்களோடு பழகுவதைவிட அவர்களோடு பழக விருப்பம் குறைவு என்றார்கள். பேசியதை மட்டும் எழுத்தில் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. அவர்கள் சொன்ன விஷயத்தில் குறையே இல்லை, பார்ப்பவர்கள் கண்ணும் காதும்தான் முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. அதனால் எதிரில் இருப்பவர் கையில் எதையாவது உருட்டிக்கொண்டோ ஆடிக்கொண்டோ பேசினால், அவர் சொல்வதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் பார்வை எழுத்தில் இருக்கும், மனது அவர் சொல்வதில் நிற்கும், அவரையும் யாரும் உற்றுப் பார்க்காத மாதிரி இருக்கும். நேர்காணல் முடிந்து மதிப்பெண் போடும்போது அந்தக் குறிப்பை வைத்துப் போடுங்கள்.

"கையைக் கீழே போடு" என்று சொல்வதற்கு முன்

வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். ஒரு முறை என் அக்கா மகனோடு பல் மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருந்தோம். மேலே டியூப்லைட் ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே மினுங்கியது, அவன் விரல்களைக் கண்ணோரமாக வைத்துப் படபடவென ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த அம்மா ஒருவர் பார்த்தார். உடனே அக்கா, அவரைப் பார்த்துச் சிரித்தபடியே, அவன் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கை நின்றது, ஆனால் அவன் குதிகால் நாற்காலிக் காலில் இடிக்க ஆரம்பித்தது. அவள் தன் காலை வைத்து அதையும் நிறுத்தினாள். அப்புறம் அவன் கன்னம் உள்ளே குழிந்தது, உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். படிவத்தில் கையெழுத்துப் போட அவள் கையை எடுத்த அடுத்த நொடி விரல்கள் மறுபடி கண்ணோரம் போயின, கன்னமும் பழையபடி ஆனது.

தேவை அப்படியே இருக்கும்போது வெளித்தோற்றத்தை மட்டும் அடக்கினால் அது இன்னொரு இடத்தில், பெரும்பாலும் இதைவிட மோசமான இடத்தில் போய் நிற்கும். அக்காவைக் குறை சொல்லவில்லை, அந்தப் பார்வைக்கு முன்னால் எந்த அம்மாவின் கையும் அப்படித்தான் போகும். அதனால்தான் பார்க்கிறவர்களைப் பற்றி முதலில் பேசினேன்.

அடக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1960களில் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இவார் லோவாஸ் என்ற உளவியலாளர், இப்படிப்பட்ட அசைவுகளை நிறுத்தக் குழந்தைகளைக் கத்தி அதட்டினார், அடித்தார், சிலருக்கு மின் அதிர்ச்சிகூடக் கொடுத்தார். மற்ற பிள்ளைகளைப் போல் தெரிய வைப்பதே குறிக்கோளாக இருந்த காலம் அது. 2019ல் ஸ்டீவன் கேப்பும் உடன் ஆய்வாளர்களும் ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்களிடமே போய்க் கேட்டார்கள். இது தங்களை அமைதிப்படுத்துகிறது, தாங்க முடியாத உணர்ச்சியைத் தாங்க உதவுகிறது, இதை ஒழிப்பதற்கென்று செய்யும் சிகிச்சை வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. மற்றவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்பதற்காக வெளியிடத்தில் அடக்கிக்கொள்வதாகவும் சொன்னார்கள். நாள் முழுக்க அப்படி அடக்குகிற பிள்ளை வீட்டுக்கு வந்ததும் வெடித்து அழுதால், பள்ளியில் "ரொம்ப சமத்து" என்று பெயர் வாங்கியதன் விலை அது. தெரபி அறையில் குறிக்கோள்கள் எழுதும்போது "கை உதறுவதைக் குறைத்தல்" என்று ஒரு வரி இருந்தால், எதற்காக, யாருக்காக என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

தடுக்க வேண்டிய நேரமும் உண்டு

தலையைச் சுவரில் மோதுவது, கையை ரத்தம் வரும்படி கடிப்பது, தோலைப் பிய்ப்பது, உண்ணக் கூடாததை விழுங்குவது எல்லாம் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியவை. முதலில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கொடுங்கள், உடனே ஆபத்து இருந்தாலொழிய ஆளை இறுக்கிப் பிடிக்காதீர்கள். அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். திடீரென்று தொடங்கியிருந்தால் உடம்பில் வலி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தலைவலி. பேச்சு வராத பிள்ளைகள் வலியைச் சொல்லும் வழி சில நேரம் இதுதான். வலி இல்லையென்றால், அதே உணர்வைத் தரும் வேறொன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். கடிக்கிறவருக்கு அதற்கென்றே விற்கும் சிலிகோன் பொருள், மோதுகிறவருக்கு அழுத்தம் தரும் விளையாட்டு. எது பொருந்தும் என்பதில் அன்றாடச் செயல்களுக்கும் உணர்வுத் தேவைகளுக்கும் உதவும் நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வழி சொல்வார்.

இன்னொன்று. அசையும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தொட்டாலும் பிரக்ஞையே இல்லை, கண் ஒரு பக்கம் நிலைகுத்தியிருக்கிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம், ஆட்டிச நிலையாளர்களிடம் வலிப்பு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவதற்காக வீட்டார் வீடியோ எடுத்துக்கொள்வது இதில் உதவும்.

வளரிளம் பருவத்தில் அந்தரங்க உறுப்பைத் தொடுவது வரும்போது, திட்டாமல், "இது உன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு" என்று இடத்தைச் சொல்லிக்கொடுங்கள். எல்லாரும் கற்றுக்கொள்ளும் விஷயம்தான் அது. சத்தம் மற்றவர்களுக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருந்தால், வகுப்பில் தேர்வு நடக்கிறது என்று வையுங்கள், அவரை வாயை மூடச் சொல்வதைவிட ஒரு தனி அறை கொடுப்பது எளிது.

இதற்கெல்லாம் முன்பாகவே ஸ்டிம்மிங்கின் வேகத்தைப் படிக்கப் பழகுங்கள். ஒவ்வொருவருக்கும் சந்தோஷத்துக்கு ஒரு தினுசு, பதற்றத்துக்கு வேறு தினுசு இருக்கும், கூடவே இருப்பவர்களுக்குச் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். ஆட்டம் வேகமாகிறது, கை இறுகுகிறது, முனகல் ஏறுகிறது என்றால் இடம் தாங்க முடியாமல் போகிறது என்று அர்த்தம். அப்போது கேள்வி கேட்காதீர்கள், பேச்சைக் குறையுங்கள், விளக்கையும் சத்தத்தையும் குறையுங்கள், வெளியே போக வழி விடுங்கள். இந்த நேரத்தில் "அமைதியா இரு" என்று சொல்வது, அமைதியாவதற்காக அவர் செய்துகொண்டிருப்பதையே பறிப்பதாகிவிடும்.

வீட்டாருக்கு: வாசகத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க வராது. தெரியாதவர்களிடம் "அவனுக்கு ஆட்டிசம், இப்படிச் செய்தால் அவனுக்கு நிம்மதி" என்றால் போதும், அதுகூடச் சொல்ல விருப்பமில்லையென்றால் "நன்றாகத்தான் இருக்கிறான்" என்று முடித்துக்கொள்ளலாம். உறவினர்களிடம், "அத்தை, அதைத் தடுத்தா அவனுக்குக் கஷ்டமா இருக்கும், நீங்க கண்டுக்காம விட்டீங்கன்னா அதுவே பெரிய உதவி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். மன்னிப்பு கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது, பேச்சு வராத பிள்ளைக்கும் காது கேட்கும், அம்மா தன்னைப் பற்றி யாரிடமோ மன்னிப்பு கேட்கிறாள் என்பது அதற்கு விளங்கும்.

உங்களோடு வேலை செய்கிற ஒருவரோ நண்பரோ இத்தனை நாள் அடக்கிவைத்திருந்துவிட்டு ஒரு நாள் உங்கள் முன்னால் தாராளமாக ஆடவோ கை உதறவோ ஆரம்பிக்கலாம். "பரவாயில்லை, நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்" என்றுகூடச் சொல்லாதீர்கள், சொன்னால் அவர் கவனம் மறுபடியும் தன் கை மேல் போய்விடும். என்ன பேசிக்கொண்டிருந்தீர்களோ அதையே தொடர்ந்து பேசுங்கள்.