அடைக்கலாங்குருவிக்கு ஒரு பெட்டி, பிள்ளைகள் கையால்

எங்கள் ஆச்சி வீட்டுத் தார்சாவில் சாமி படங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குருவிக்கூடு இருக்கும். வைக்கோல் துணுக்குகள் தரையில் விழும், ஆச்சி பெருக்குவாள், மறுநாளும் விழும், மறுநாளும் பெருக்குவாள், ஆனால் கூட்டைக் கலைக்க ஒருநாளும் விட்டதில்லை. சிட்டுக்குருவிக்கு எங்கள் பக்கம் அடைக்கலாங்குருவி என்றுதான் பெயர். அடைக்கலம் என்று வந்ததை எப்படி விரட்டுவது என்பாள். இப்போது நாங்கள் இருக்கும் வீட்டில் ஓடு கிடையாது, உத்திரம் கிடையாது, சுவரெல்லாம் வழவழவென்று பூசியிருக்கிறது. குருவி ஆசைப்பட்டு வந்தாலும் நுழைய ஒரு பொந்து இல்லை. அதனால் போன கோடை விடுமுறையில் ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் வைத்துக்கொண்டு பெட்டி செய்ய உட்கார்ந்தோம். முதல் பெட்டி தப்பாகப் போனது, இரண்டாவதில் குருவி வந்தது. இரண்டிலும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பெட்டி வைத்தால் எல்லாப் பறவையும் வந்துவிடாது. காகம், புறா, தேன்சிட்டு, தூக்கணாங்குருவி எல்லாம் தனக்கு வேண்டிய கூட்டைத் தானே திறந்த வெளியில் கட்டிக்கொள்ளும். பொந்து தேடுகிற பறவைகளுக்குத்தான் பெட்டி தேவை, அவற்றில் மனிதர் வீட்டை ஒட்டியே வாழ்வது சிட்டுக்குருவி. ஆகவே பலகை வாங்கும் முன்பு ஒரு காலை நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். மளிகைக்கடை வாசல், கோயில், பேருந்து நிலையம், பழைய ஓட்டு வீடு, இங்கெல்லாம் அந்தக் கீச்கீச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொண்டையில் கறுப்பாக இருப்பது ஆண், அது இல்லாமல் மங்கலான பழுப்பில் இருப்பது பெண். பக்கத்தில் எங்கேயாவது குருவிகள் இருந்தால் பெட்டிக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. சுத்தமாக இல்லையென்றால் முதலில் தானியமும் தண்ணீரும் வைத்துப் பழக்குங்கள், பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குருவி இனமே அழிந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020-இல் வந்த அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகத்தான் இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்று சொன்னது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்பதும் நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. ஆனால் பொந்து இல்லாத வீட்டில் குருவி கூடு கட்ட முடியாது என்பது கண்ணால் பார்க்கிற விஷயம், அதை நம் கையால் சரிசெய்யவும் முடியும்.

சரி, பலகைக்கு வருவோம். 6 அங்குல அகலம், அரை அங்குலக் கனம், 5 அடி நீளம் உள்ள ஒரே பலகை போதும். மரக்கடையில் பேக்கிங் பலகை கேளுங்கள், அல்லது தச்சுப் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைக் கேளுங்கள். தகரமும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துவிடும்.

முன்பலகை 8 அங்குலம், பின்பலகை 12, பக்கப் பலகை இரண்டும் ஒவ்வொன்றும் 9, கூரை 9. கீழ்த்தளம் 5 அங்குலம், ஆனால் அதை மட்டும் கடைசியில் வெட்டுங்கள். 6 அங்குலம் என்று விற்கும் பலகை இழைத்த பிறகு கால் அங்குலம் குறைந்திருக்கும், அதனால் மற்றவற்றை நிற்கவைத்து நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதை அளந்து தளத்தை வெட்டுவதுதான் நல்லது. பக்கப் பலகைகளுக்கு ஒரு சரிவு வேண்டும்: ஒரு ஓரத்தில் மேலிருந்து 1 அங்குலம் கீழே புள்ளி வைத்து, எதிர் ஓரத்தின் உச்சி மூலையோடு கோடு போட்டு அறுங்கள். முன்பக்கம் 8, பின்பக்கம் 9 என்று வந்துவிடும், கூரையில் விழும் தண்ணீர் முன்னால் வழியும். முதல் துண்டை இரண்டாவதன் மேல் வைத்து வரைந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அளந்து கோடு போடும் வேலை முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடிபடாத அரை, கால், முக்கால் எல்லாம் இந்தப் பலகையின் மேல் ஒரு மத்தியானத்தில் பிடிபட்டது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசல் ஓட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தப் பெட்டியும் அதில்தான் இருக்கிறது. நாங்கள் முதலில் செய்த பெட்டியில் 2 அங்குல ஓட்டை போட்டு, குருவி வந்து உட்காரட்டும் என்று கீழே ஒரு குச்சியும் செருகியிருந்தோம். மைனா வந்து அந்தக் குச்சியில் உட்கார்ந்து, உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது, மறுபடி மறுபடி வந்தது. குருவி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிட்டுக்குருவிக்குச் சரியான அளவு 32 மில்லிமீட்டர் விட்டம், அதாவது ஒன்றேகால் அங்குலம். மைனாவால் அதில் நுழைய முடியாது. 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், ஆகவே நாணயத்தை வைத்து ஒரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு வட்டம் போட்டால் அளவு வந்துவிடும். ஓட்டையின் நடுப்புள்ளி முன்பலகையின் அடியிலிருந்து 6 அங்குல உயரத்தில் இருக்கட்டும். கூடு பெட்டியின் அடித்தளத்தில் இருக்கும், வாசல் உயரத்தில் இருந்தால்தான் பூனையோ காகமோ எட்டி உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. வெளியே குச்சி வேண்டாம், குருவிக்கு அது தேவையே இல்லை, வருகிற எதிரிக்குத்தான் அது வசதி.

இந்த ஓட்டையைப் பெரியவர்கள்தான் போட வேண்டும். ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல்சா இல்லையென்றால் பக்கத்துத் தச்சரிடம் பலகையைக் கொண்டுபோனால் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆணி அடிக்கும் முன்பே, பலகை தட்டையாகக் கிடக்கும்போதே செய்துவிடுங்கள். அப்போதே தளத்தின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய ஒவ்வொரு சின்ன ஓட்டை, பக்கப் பலகைகளின் உச்சியில் காற்றுக்கு இரண்டிரண்டு ஓட்டை. முன்பலகையின் உள்பக்கம், வாசலுக்குக் கீழே, ஒரு ஆணியால் குறுக்குக் கோடுகளாக ஆழமாகக் கீறிவிடுங்கள், குஞ்சுகள் கால் பற்றி ஏற அதுதான் ஏணி. என் மகன் இதை மிகவும் விரும்பிச் செய்தான். வாசலின் ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் அவன்தான். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்து சிலாம்பு குத்தவில்லை என்றால் சரி. உள்பக்கம் மட்டும் வழவழப்பாக்க வேண்டாம், சொரசொரப்பாகவே இருக்கட்டும்.

சேர்ப்பது சுலபம். தளத்தை இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவில் வைத்து அடியுங்கள். அப்புறம் பின்பலகை, அது மேலே ஒன்றரை அங்குலமும் கீழே ஒன்றரை அங்குலமும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சுவரில் மாட்ட அந்த இடம்தான். அப்புறம் முன்பலகை. ஒட்டும் இடத்தில் மரப்பசை தடவி, ஒன்றேகால் அங்குல மெல்லிய ஆணி அடிக்கலாம். அரை அங்குலப் பலகை பிளந்துவிடும் என்பதால் ஆணிக்கு முன்னால் மெல்லிய ட்ரில்லில் ஒரு துளை போட்டுவிடுங்கள். பிள்ளைகள் சுத்தியல் பிடிக்கும்போது ஆணியை விரலால் பிடிக்க வேண்டாம், துணி காயப்போடும் கிளிப்பால் பிடிக்கச் சொல்லுங்கள். அடி தவறினாலும் கிளிப்பில்தான் விழும். ஆணி கோணலாகப் போனால் நீங்கள் வாங்கி நிமிர்த்தாதீர்கள், பிடுங்கிக் கொடுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள், நேரம் ஆகட்டும்.

கூரையைச் சுத்தம் செய்யத் திறக்கிற மாதிரி வைக்க வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபை ஒரு பட்டையாக வெட்டி, பாதியைப் பின்பலகையிலும் பாதியைக் கூரையிலும் சின்ன ஆணியால் அடித்தால் கீலாகவும் ஆயிற்று, அந்த இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்காமலும் இருக்கும். முன்னால் ஒரு கம்பிக் கொக்கி போட்டு இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் தூக்கிக்கொள்ளும்.

பெயின்ட் விஷயத்தில் பிள்ளைகளோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். உள்ளே ஒரு சொட்டுக்கூடக் கூடாது, வாசல் விளிம்பிலும் கூடாது. வெளியே அடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீரில் கலக்கும் பெயின்டில் வெளிர் நிறமாக அடித்து, வாடை போகும்வரை பத்து நாள் காயவிடுங்கள். முதல் பெட்டிக்கு நாங்கள் சிவப்பு எண்ணெய் பெயின்ட் அடித்திருந்தோம், வெயிலில் வைத்த அரை மணி நேரத்தில் தொட்டால் சுட்டது. இரண்டாவது பெட்டிக்கு பெயின்டே அடிக்கவில்லை, பின்பலகையில் இரண்டு பேரும் பெயரை மட்டும் பென்சிலால் எழுதினார்கள்.

மாட்டும் இடம். 8 முதல் 10 அடி உயரம், சன்ஷேடுக்கு அடியிலோ தாழ்வாரத்திலோ, வாசல் கிழக்கு அல்லது வடக்கு பார்த்து. மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். சங்கிலி கட்டித் தொங்கவிடாதீர்கள், ஆடுகிற பெட்டி குருவிக்குப் பிடிப்பதில்லை, சுவரில் ட்ரில் போட்டு பிளக் வைத்து மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூவால் அசையாமல் முடுக்கிவிடுங்கள். வாடகை வீடென்றால் ஜன்னல் கம்பியின் மேல்பகுதியில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டலாம். பூனை ஏறி உட்கார ஏசி பெட்டியோ மதிலோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், மின்விசிறி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். ஓடுகிற விசிறியில் அடிபட்டுச் சாகிற குருவி நிறைய. இடம் இருந்தால் இரண்டு மூன்று பெட்டியாக வையுங்கள், குருவி கூட்டமாக வாழ்கிற பறவை, தனி வீட்டைவிட நாலு வீடு சேர்ந்த வளவுதான் அதற்குப் பிடிக்கும்.

பக்கத்திலேயே அகலமான மண்சட்டியில் தண்ணீர், ஆழம் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், தினமும் மாற்ற வேண்டும். கம்பு, தினை, நொய் ஒரு கைப்பிடி. தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். பெரிய குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும், அது கிடைக்காவிட்டால் குஞ்சு பிழைக்காது. ஒரு முருங்கையோ செம்பருத்தியோ இருந்தால் புழுவுக்குப் பஞ்சமிருக்காது.

அப்புறம் காத்திருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். எங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. தினமும் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன், பாதிப் பக்கங்களில் 'ஒன்றும் இல்லை' என்றுதான் இருக்கிறது. ஒருநாள் ஆண்குருவி வாசலில் உட்கார்ந்து விடாமல் கத்தியது, மறுநாள் பெண்குருவி வந்து உள்ளே போய்ப் பார்த்தது, மூன்றாம் நாள் தென்னந்துடைப்பக் குச்சியும் தேங்காய் நாரும் வர ஆரம்பித்தன. அந்த நேரத்திலிருந்து பெட்டியைத் தொடக் கூடாது, திறக்கக் கூடாது, செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுக்கவும் கூடாது. 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டது என்பதற்காக ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்குப் போடாமல் இருந்தது. அதைச் சொன்ன பிறகு என் மகன் திறந்து பார்க்கலாமா என்று கேட்பதை நிறுத்திவிட்டான்.

முட்டை பொரிய ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் மெதுவாக எடுத்து உள்ளே வையுங்கள், மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, பூனையை மட்டும் விரட்டிவிட்டு விலகி நில்லுங்கள்.

குஞ்சுகள் போன பிறகு இரண்டு மூன்று வாரம் போக்குவரத்தே இல்லையென்றால் சுத்தம் செய்யலாம். உள்ளே தூசியும் பேனும் இருக்கும், மூக்கில் துணி கட்டிக்கொண்டு பழைய கூட்டை அப்படியே எடுத்து ஒரு பேப்பரின் மேல் வையுங்கள், பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்க்கட்டும். எங்களுடையதில் நார், காய்ந்த புல், கோழி இறகு, சாக்குச் சணல், நூல்கண்டு போல் சுருட்டிய ஏதோ ஒரு முடி, அப்புறம் என் மகள் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த நீல ரிப்பனில் ஒரு துண்டு இருந்தது. பெட்டியைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருந்து எதுவும் போடாமல், இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அதே ஸ்க்ரூவில் அதே இடத்தில் மாட்டினோம். ரிப்பன் துண்டை அவள் நோட்டில் ஒட்டி, கீழே தேதி போட்டு வைத்திருக்கிறாள்.