எக்ஸெலில் கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் கண்டுபிடிக்க யூனிகோட் ஃபார்முலா

இரண்டு தாள்களிலும் ‘மதுரை’ என்றுதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு தாளின் சொல்லை இன்னொன்றில் தேடித் தரும் வீலுக்அப் போட்டால் பிழை வருகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்துச் சொல்லில் திரையில் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சில் வராத குறிகளை நீக்கும் கிளீன் ஃபார்முலாவை உடனே போட்டுத் துடைக்காதீர்கள். எந்தக் குறி, எத்தனையாவது இடத்தில் என்று முதலில் பாருங்கள். சில குறிகளை நீக்கினால் தரவே கெடும்.

(ஃபார்முலாக்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம். எக்ஸெலில் பெயரையும் செல் முகவரியையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.)

முதல் சோதனை நீளம்: =லென்(ஏ2). ‘மதுரை’ நம் கணக்கில் மூன்று எழுத்து, லென் கணக்கில் 5. உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 6 வந்தால் ஏதோ ஒளிந்திருக்கிறது. ஆனால் நீளத்தை மட்டும் நம்பக் கூடாது. யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘கோவை’யின் ஓகாரம் 3019 என்ற ஒரே குறியாகவும் இருக்கலாம், 3015, 3006 என்ற இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். அப்போது மறை குறி இல்லாமலே நீளம் 4, 5 என்று மாறும்.

அதனால் ஒவ்வொரு குறியின் எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பி1 முதல் வலப்பக்கமாக 1, 2, 3 என்று, உங்கள் தரவின் மிகப் பெரிய நீளம் வரை நிரப்புங்கள். பி2-இல் இது:

=இஃப்எரர்(யூனிகோட்(மிட்($ஏ2,பி$1,1)),"")

வலப்புறமும் கீழேயும் இழுத்துவிட்டால் ஒவ்வொரு செல்லும் எண்களாக விரியும். யூனிகோட் ஃபார்முலா எக்ஸெல் 2013 முதல் உண்டு. பழைய ‘கோட்’ ஃபார்முலாவைத் தமிழுக்குப் பயன்படுத்தாதீர்கள். அதற்குத் தெரியாத எழுத்துக்கெல்லாம் 63, அதாவது கேள்விக்குறியின் எண்ணைத் தந்துவிடும்.

தமிழ் எழுத்துகள் 2944 முதல் 3071-க்குள், சாதாரண இடைவெளி 32. சந்தேக எண்களுக்கு நிறமிட, பி2-இலிருந்து தேர்ந்தெடுத்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில்:

=ஆர்(பி2<32,அண்ட்(பி2>=127,பி2<=160),அண்ட்(பி2>=8203,பி2<=8207),அண்ட்(பி2>=8234,பி2<=8238),பி2=65279)

அடிக்கடி மாட்டுவது 160. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வரும் உடையா இடைவெளி இது. மிகுதி இடைவெளிகளை நீக்கும் டிரிம் ஃபார்முலா 32-ஐ மட்டும் நீக்கும், கிளீன் 0 முதல் 31 வரை மட்டும் நீக்கும். இரண்டுமே 160-ஐத் தொடாது, பலர் மணிக்கணக்கில் திணறுவது இங்கேதான். 10, 13 வரிமுறிவுகள். தொடர்பு எண்களின் முன்னும் பின்னும் எழுத்தின் திசையைக் குறிக்கும் 8234, 8236 வருவதுண்டு. கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருந்தால் கோப்பின் தொடக்கத்தில் வைக்கப்படும் குறியான 65279 நடுவில் கிடக்கும்.

எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும் 8204 வந்தால் நிதானியுங்கள். ‘க்’ தனியாகவும் ‘ஷ’ தனியாகவும் தெரிய வேண்டும் என்று தட்டச்சு செய்தவரே அதை வைத்திருக்கலாம். நீக்கினால் இரண்டும் ‘க்ஷ’ என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்ட வைக்கும் குறியான 8205-ஐ நீக்கினால் குடும்ப ஈமோஜி தனித்தனி ஆட்களாகச் சிதறும். இவற்றை மூல நெடுவரிசையில் விட்டுவைத்து, ஒப்பிடுவதற்கென்று வைத்த தனி நெடுவரிசையில் மட்டும் நீக்குவதே சரி.

160, வரிமுறிவு 10 இரண்டுக்கும் இது போதும் (சப்ஸ்டிடியூட் ஒன்றை நீக்கி இன்னொன்றை வைக்கும், யூனிசார் எண்ணைக் குறியாக்கும்):

=டிரிம்(கிளீன்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(ஏ2,யூனிசார்(160)," "),யூனிசார்(10)," ")))

வரிசையை மாற்றாதீர்கள். கிளீன் வரிமுறிவை எடுத்துவிட்டு அங்கே இடைவெளி வைப்பதில்லை. முகவரியின் இரண்டு வரிகள் ‘தெருமதுரை’ என்று ஒட்டிவிடும். அதனால்தான் 10-ஐ முன்பே இடைவெளியாக்குகிறோம். தாவல் (டேப்) குறிக்கும் இதே ஆபத்து உண்டு, அதன் எண் 9. மற்ற எண்களுக்கு இன்னொரு சப்ஸ்டிடியூட் சுற்றி, இடைவெளிக்குப் பதில் "" கொடுங்கள்.

விடையை மதிப்பாக மட்டும் புதிய நெடுவரிசையில் ஒட்டி, எண் பிரிக்கும் ஃபார்முலாவை அதன் மேல் மறுபடி ஓட்டுங்கள். நிறமிட்ட செல்லில் நீங்கள் வேண்டுமென்றே விட்டவை மட்டுமே மிஞ்ச வேண்டும். தொகை, அளவு போன்ற எண்கள் துடைத்த பிறகும் உரையாகவே நிற்கும், அவற்றுக்கு =வேல்யூ( ) போட்ட பிறகே கூட்டல் சரியாக வரும்.